எட்டாவது கோடு

ஒத்தக்கடையில் முத்துக்கருப்பன் வீடு கட்டியபோது கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். ஊரில் எல்லோரும் தரையை நன்றாக மூடச் சொல்வார்கள். இவரோ பின்னறையில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தை மூடவே கூடாது, அடியில் கிடக்கிற பாறை அப்படியே தெரிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"ஏண்ணே, அந்த இடத்துல சாமி கீமி இருக்கா?" என்று கேட்டார் கொத்தனார்.

"பூமி இருக்குய்யா," என்றார் முத்துக்கருப்பன்.

இது தேறாத கேஸ் என்று முடிவுகட்டிய கொத்தனார், அந்தச் சதுரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் சிமெண்டு பூசிவிட்டுப் போனார். அது எழுபத்தாறாம் வருடம்.

மதுரையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முத்துக்கருப்பன் அட்டெண்டர். படிப்பு பத்தாவது வரை. காலையில் ஆய்வகத்தைத் திறந்து, மேசைகளைத் துடைத்து, அன்றைக்கு என்ன சோதனையோ அதற்குரிய கருவிகளை எடுத்துவைக்க வேண்டும். சாயங்காலம் எல்லாவற்றையும் மறுபடி துடைத்து அலமாரியில் பூட்ட வேண்டும். நடுவில் பையன்கள் வந்து அதையும் இதையும் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். பன்னிரண்டு வருடம் கருவிகளைத் துடைத்த மனிதரிடம் ஒரு தடவைகூட யாரும் "நீயும் பாரேன்" என்று சொன்னதில்லை. அட்டெண்டரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் அவருக்குள் அது பொருமிக்கொண்டே இருந்தது. தனக்கென்று ஒரு கருவி வேண்டும், அதைத் தான் மட்டும் பார்க்க வேண்டும் என்று ஒரு சின்னப் பிள்ளையின் ஆசை அந்த முப்பத்தைந்து வயது ஆளுக்கு இருந்தது.

பழைய பத்திரிகைகளை எடைக்குப் போடக் கட்டும்போதுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது. ஓர் இரும்புத் தூண். அதிலிருந்து வாசல் கேட்டைப் போலப் பக்கவாட்டில் தொங்கும் ஒரு கம்பி. கம்பியின் முனையில் எடை, எடைக்கு அப்பால் ஓர் ஊசி. பூகம்பத்தைப் பதிவு செய்கிற கருவி என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. இளம் ஆசிரியர் ஒருவரைக் கெஞ்சி, மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அதைப் படித்துச் சொல்ல வைத்தார். விஷயம் சுலபமானது. பூமி ஆடும்போது கனமான எடை உடனே ஆடாது, நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ஆடுகிற பூமிக்கும் நிற்கிற எடைக்கும் உள்ள வித்தியாசத்தை ஊசி எழுதிவிடும். "இம்புட்டுத்தானா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார் முத்துக்கருப்பன்.

இம்புட்டுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. பின்னறையில் மூடாமல் விட்ட பாறையில் இரும்புத் தூணை நட்டு, எடைக்காக ஐந்து கிலோ ஈயத்தை உருக்கி ஊற்றினார். பால்பவுடர் டின்னைப் பழைய சுவர்க்கடிகாரத்தின் இயந்திரத்தோடு இணைத்துச் சுற்ற வைத்தார். டின்மேல் வழவழப்பான காகிதத்தை ஒட்டி, சிம்னி விளக்குப் புகையில் காட்டிக் கருக்கினார். ஊசி நகர்ந்தால் அந்தக் கரியில் வெள்ளைக் கோடு விழும். எடை ஒருமுறை ஆடினால் ஊஞ்சலாக ஆடிக்கொண்டே இருந்தது. அதை அடக்க, எடையின் கீழே ஒரு தகட்டைப் பொருத்தி, விளக்கெண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் மூழ்கவிட்டார்.

"வவுத்துக்குக் குடிக்கிற எண்ணெய இரும்புக்கு ஊத்துற ஆம்பளைய எங்க ஊருல ஒருத்தரும் பாத்ததில்ல," என்றாள் அவர் மனைவி அன்னக்கொடி. சொல்லிவிட்டு அடுத்த சந்தையில் அவளே இன்னொரு பாட்டில் வாங்கி வந்தாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அன்னக்கொடி தன் தம்பி விருமாண்டியைத்தான் பிள்ளையாக வளர்த்தாள். தாய் செத்தபோது அவனுக்கு இரண்டு வயது, அவளுக்குப் பதினொன்று. இடுப்பை விட்டு இறக்காமல் தூக்கித் திரிந்ததில் அவளுக்கு இடது இடுப்பே சற்றுச் சாய்ந்துபோய்விட்டது என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அவன் வளர்ந்து, கிணறு வெட்டுகிற கூட்டத்தில் சேர்ந்து, பாறைக்கு வெடி வைக்கிறவன் ஆனான்.

வெடிக்கிணற்றில் ஒரு வழக்கம் உண்டு. அடிப்பாறையில் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் மருந்து கெட்டித்து, திரியைப் பற்றவைத்துவிட்டு மேலே ஏறி ஓடி வந்துவிடுவார்கள். பிறகு பற்றவைத்தவன் தள்ளி நின்று சத்தத்தை எண்ணுவான். அப்போது வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எத்தனை வைத்தானோ அத்தனையும் வெடித்தால், வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கிப் புகையைக் கலைத்துவிட்டு இறங்கலாம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் மறுநாள் காலைவரை கிணற்றுக்குள் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். வெடிக்காத மருந்து பாறைக்குள் உயிரோடு கிடக்கும். ஆனால் சில நேரம் இரண்டு வெடி சேர்ந்தாற்போல வெடித்து ஒரே சத்தமாகக் கேட்கும். அப்போது வீணாக ஒருநாள் போகும்.

விருமாண்டி ஒருநாள் மத்தியானம் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"மச்சான், இன்னைக்கு ஆறு வச்சேன். அஞ்சுதான் கேட்டுச்சு. ஒங்க மிசினுல எதும் விழுந்திருக்கா?"

முத்துக்கருப்பன் லென்சை எடுத்துப் பார்த்தார். ஐந்து கோடுகள். ஆனால் நான்காவது கோடு மட்டும் நடுவில் ஒடிந்து மறுபடி கிளம்பியிருந்தது.

"நாலாவது ரெட்டை மாப்ள. ரெண்டு சேந்து போயிருக்கு."

மறுநாள் காலையில் விருமாண்டி இறங்கிப் பார்த்தான். ஆறு துளையும் சிதறிக் கிடந்தன. மேலே வந்தவன் நேராக மச்சான் வீட்டுக்கு வந்து, அந்த இரும்புத் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

இதற்கு முன் முத்துக்கருப்பன் ஒரு கோட்டைக் கல்லூரிக்குக் கொண்டுபோனதுண்டு. ஏதோ தூரதேசத்தில் பூகம்பம் என்று பேப்பரில் வந்த நாளில் அவருடைய ஊசி அரைமணி நேரம் மெல்ல மெல்ல அலைந்திருந்தது. துறைத்தலைவர் அதை வாங்கிப் பார்த்து, "நல்லாருக்குய்யா, பேட்டரிக்கு ஆசிட் ஊத்திட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான் மரியாதை. இப்போதுதான் முதல்முறையாக ஒருவன் அவரிடம் வந்து, "ஒங்க மிசின் என்ன சொல்லுது மச்சான்?" என்று கேட்கிறான். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஒத்தக்கடையில் டீக்கடைக்காரர்கூட அவரைப் "பூமிக்கு நாடி பாக்குறவர்" என்று சொல்ல ஆரம்பித்தார். முத்துக்கருப்பன் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே அதைக் கேட்டு மகிழ்ந்தார்.

நாடியை அவர் நன்றாகவே படித்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மேலூர் பஸ் போனால் கோடு நடுங்கும். கல்லேற்றிய லாரி என்றால் தடித்துப்போகும். அப்போது வேலை நடந்த கிணறு முத்திருளன் என்கிற விவசாயம் பார்க்கிற சம்சாரியுடையது; வீட்டுக்கு மேற்கே இரண்டு பர்லாங் தூரம். அங்கே வெடித்தால் ஊசி எப்போதும் முதலில் இடப்பக்கம் உதைத்துவிட்டுத்தான் மற்ற ஆட்டமெல்லாம் ஆடும். கிழக்கிலிருந்து வருகிற அதிர்வு என்றால் முதல் உதை வலப்பக்கம். இதை அவராகக் கண்டுபிடித்திருந்தார். விருமாண்டிக்குக்கூடச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

கருவி ஓடும்போது வீட்டில் உலக்கை போடக் கூடாது, பின்னறைப் பக்கம் வேகமாக நடக்கக் கூடாது, கதவை அறையக் கூடாது. அன்னக்கொடி முணுமுணுப்பாளே தவிர, மீற மாட்டாள்.

எண்பத்து மூன்றில் மழையே இல்லை. கிணறுகளெல்லாம் வறண்டு, முத்திருளன் தன் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாறை இடுக்கில் ஈரம் கசிந்தது. இன்றைக்கு வெடித்தால் ஊற்று திறந்துவிடும் என்று விருமாண்டிக்குக் கை பரபரத்தது. மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. தம்பிக்காகக் கறி எடுத்துவரச் சொல்லிப் புருஷனைக் கடைக்கு விரட்டியிருந்தாள் அன்னக்கொடி. முத்துக்கருப்பன் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, புதுக் காகிதம் மாட்டிவிட்டுக் கிளம்பினார். கடையில் கூட்டம். அவர் வரிசையில் நின்றபோதுதான் தூரத்தில் வேட்டுச் சத்தம் கேட்டது. கறிக்கடைச் சத்தத்தில் அவர் அதை எண்ணவில்லை. எண்ணத்தான் வீட்டில் கருவி இருக்கிறதே!

திரும்பி வந்தபோது விருமாண்டி பின்னறை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"எட்டு வச்சேன் மச்சான். ஏழுதான் கேட்டுச்சு. ரெட்டையா இருக்குமோ?"

முத்துக்கருப்பன் கறிப் பொட்டலத்தை இடதுகையில் பிடித்தபடியே குனிந்து பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு. தெளிவாக எட்டுக் கோடு. கடைசிக் கோடு மட்டும் கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் குட்டையாக இருந்தது. கடைசி மருந்து சில நேரம் அப்படித்தான் அமுங்கி வெடிக்கும். வெளியில் சத்தம் வராது.

"எட்டும் போயிருச்சு மாப்ள. கடைசி அமுக்கமா வெடிச்சிருக்கு. ஒனக்குக் கேட்டிருக்காது."

"அப்ப எறங்கலாமா?"

"தாராளமா."

"தம்பி, சாப்ட்டுப் போடா," என்று அடுப்படியிலிருந்து அன்னக்கொடி சொன்னாள்.

"கறி இன்னும் அவர் கையிலயே இருக்கு, அதுக்குள்ள எங்கிட்டுச் சாப்பிட? ஊத்தப் பாத்துட்டு வாரேன்க்கா. தண்ணி வந்திருந்தா ஒனக்கு ஒரு சொம்பு மொண்டுட்டு வாரேன்."

சைக்கிள் மணியை வேண்டுமென்றே இரண்டு தடவை அடித்துவிட்டுப் போனான்.

அரைமணி நேரம் கழித்து, கருவியை நிறுத்தலாம் என்று முத்துக்கருப்பன் பின்னறைக்கு வந்தார். கடிகாரத்தில் கை வைக்கப் போகும்போது, அவர் கண்ணெதிரே ஊசி இடப்பக்கமாக ஓங்கி உதைத்தது.

இடப்பக்கம். மேற்கு. முத்திருளன் கிணறு.

எட்டும் வெடித்துவிட்ட கிணற்றில் இன்னொன்று எங்கிருந்து வந்தது? அவர் பார்வை இரண்டு வரி மேலே தாவியது. ஏழு கோடும் இடப்பக்கம் தொடங்கியிருந்தன. எட்டாவது கோடு வலப்பக்கம் தொடங்கியிருந்தது. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு வெள்ளையாக. கறிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். அவரே கண்டுபிடித்த வித்தை அது.

அடுப்படியில் குழம்பு கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. ஊரில் ஒருவருக்கும் இன்னும் தெரியாது. முத்துக்கருப்பனுக்கு மட்டும் தெரியும். செருப்புப் போடாமல் ஓடினார். வழியெல்லாம் "பஸ்ஸா இருக்கணும், லாரியா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். பஸ் எது, லாரி எது என்று அவரைவிடத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் யாருமில்லை.

கிணற்றுமேட்டில் முத்திருளன் இரண்டு கையையும் தலையில் வைத்து உட்கார்ந்திருந்தார். கடப்பாரை போட்ட இடத்தில் மருந்து இருந்திருக்கிறது. உள்ளே மற்றவர்கள் இறங்குவதற்கு முன்னால் விருமாண்டி முதலாவதாக இறங்கியிருந்தான். எப்போதும் அவன்தான் முதலில் இறங்குவான். அவனுக்கு இருபத்தாறு வயது.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஊறிவிட்டது. முத்திருளன் அடுத்த ஒரு வருடம் அதிலிருந்து ஒரு வாளிகூட இறைக்கவில்லை.

மறுநாள், எரித்துவிட்டு வந்த பிறகு, முத்துக்கருப்பன் தனியாகப் பின்னறையில் நின்றார். வலப்பக்கம் என்றால் கிழக்கு. கிழக்கே இருப்பது கொல்லை. கொல்லையில் சுவரோரம், பெரிய விறகுக்கட்டு ஒன்று கயிறு அவிழ்க்காமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கறி வேகக் கூடுதலாக விறகு வேண்டும் என்று அன்னக்கொடி காலையில் போனது அவருக்கு நினைவு வந்தது. அன்றைக்கு இருக்கிற சுள்ளியிலேயே சமையலை முடித்துவிட்டதால் கட்டை யாரும் தொடவில்லை.

அன்னக்கொடி தகப்பன் வீட்டுத் துக்கத்தில் இருந்தாள். வீட்டில் யாருமில்லை. முத்துக்கருப்பன் கடிகாரத்தை ஓடவிட்டு, கொல்லைக்குப் போய், அந்தக் கட்டைத் தலையுயரம் தூக்கிக் கீழே போட்டார். வந்து பார்த்தார். வலப்பக்கம் ஓர் உதை, குட்டையான கோடு. எட்டாவது கோட்டின் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். பிறகு எழுந்து, உள்ளங்கையால் அந்தக் காகிதம் முழுவதையும் தேய்த்தார். ஏழு கோடும் போயின. எட்டாவது போயிற்று. விருமாண்டியைக் கொண்டுபோன ஒன்பதாவது கோடும் அதோடு போயிற்று. கை முழுக்கக் கரி.

மூன்றாம் நாள், துக்கம் கேட்க வந்தவர்கள் நிறைந்திருந்த பந்தலில், அன்னக்கொடி தலைவிரிகோலமாக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எட்டுன்னு சொன்னீகளே, என் காதுல விழுந்துச்சே! எங்க அந்தப் பேப்பரு? கொண்டாங்க. நான் எண்ணிப் பாக்குறேன்!"

கூட்டம் மொத்தமும் அவரைப் பார்த்தது.

"ஏழுதான் இருந்துச்சு," என்றார் முத்துக்கருப்பன். "நான்தான் எட்டுன்னு எண்ணிட்டேன்."

அன்னக்கொடி அவரையே பார்த்தாள். கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர்தான் "பாவி, எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா மிசினு?" என்று கத்தினார். அன்னக்கொடி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. வீட்டை விட்டுப் போகவில்லை, சோறு பொங்காமல் இருக்கவில்லை. பேச்சு மட்டும் நின்றுவிட்டது. "சோறு வச்சிருக்கு" என்பதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஊரும் அவரை விட்டு விலகிப்போனது. டீக்கடையில் அந்தப் பட்டப்பெயரை இப்போது வேறு மாதிரிச் சிரிப்போடு சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினார். கருவியைக் கழற்றி ஈயத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்த இரண்டடிச் சதுரத்தைத் தானே சிமெண்டு குழைத்து மூடினார். கொத்தனார் கை இல்லாததால் அது கடைசிவரை மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தது.

தன்மேல் பழி விழுந்தது அவருக்கு ஒருவிதத்தில் ஆறுதல்தான். பாதிக்குமேல் அது உண்மையும்கூட. விறகுக்கட்டு விழுந்தது குற்றமில்லை. விழுந்ததை வேட்டு என்று படித்ததுதான் குற்றம். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் அவளிடம் செல்லாது. தெரிந்தால் அன்னக்கொடி அடுத்த நாளே முத்திருளன் கிணற்றைத் தேடிப் போய்விடுவாள். அதனால் அவர் வாயைத் திறக்கவில்லை. என்னை வெறுத்துக்கொண்டாவது உயிரோடு இருக்கட்டும் என்று ஆறு வருடத்தைத் தள்ளினார்.

எண்பத்தொன்பதில் ஒரு சாயங்காலம் அவர் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தார். அன்னக்கொடி தலையில் விறகுக்கட்டோடு படலைத் திறந்து வந்தாள். நரைத்துவிட்டது, முட்டிவலி வேறு. சுவரோரம் வந்து நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்து, முதலில் ஒரு முழங்காலை ஊன்றினாள். பிறகு அடுத்த முழங்கால். பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டை இரண்டு கையாலும் மார்பில் வாங்கி, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோலத் தரையில் இறக்கினாள்.

இப்படித்தான் அவள் தினமும் இறக்குகிறாளா? ஆறு வருடமாக அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எதுக்கு புள்ள இம்புட்டுச் சிரமம்?" என்றார், அவள் பதில் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தே. "அப்படியே போட வேண்டியதுதான? இப்பத்தான் மிசினு இல்லையே."

அன்னக்கொடி எழுந்திருக்கவில்லை. கட்டின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஒருக்காப் போட்டது போதும்," என்றாள்.

முத்துக்கருப்பன் கையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"வேட்டு எண்ணாம என்னைக்காச்சும் நான் இருந்திருக்கேனா? என் தம்பி வைக்கிற வேட்டு. அன்னைக்கும் கட்ட தலையில வச்சுக்கிட்டே எண்ணுனேன். ஏழு கேட்டுச்சு. அவன் எம்புட்டு வச்சான்னு எனக்குத் தெரியாது. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு, தலை வலிக்குதேன்னு பொத்துன்னு போட்டுட்டேன்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பந்தல்ல நீங்க ஏழுன்னு சொன்னீகல்ல, அப்பவே. நீங்க தப்பா எண்ணுற ஆளா?" முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அதுக்கு முந்தி எனக்குச் சந்தேகம்தான். அதான் பேப்பரக் கேட்டேன். அன்னைக்கே எல்லாருக்கும் முன்னால சொல்லியிருக்கணும். தைரியம் வரல. அப்பறம் ஒங்ககூட எதப் பேச வாயத் தொறந்தாலும் அதுதான் வந்து நின்னுச்சு. அதான் தொறக்கல."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்தக் கோடு வலப்பக்கம் தொடங்கியது, நான்தான் பார்க்கவில்லை, உன்மேல் ஒன்றுமில்லை என்று ஆறு வருடமாக அவருக்குள் கிடந்த அத்தனையையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, விறகுக்கட்டின்மேல் இருந்த அவள் கையின்மேல் தன் ஈரக்கையை வைத்தார். அவள் கையை எடுக்கவில்லை.

இருட்டத் தொடங்கியது. பிறகு அவர் ஒருபக்கமும் அவள் ஒருபக்கமுமாகக் கட்டைப் பிடித்து, கயிற்றை அவிழ்த்து, விறகை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினார்கள்.